முதல் ஓட்டமே பதிவு ஓட்டம்: வீட்டுக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிய வேலைக் குறிப்பு

வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்ந்திருந்த கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையைச் சென்ற மாசி மாதத்தில் தொடங்கினேன். கோயம்புத்தூரில் காற்றில் ஈரம் குறைந்திருக்கும் காலம் அது. பழைய நாடாவை வெளியே எடுத்துத் திறந்து வைத்து வேலை செய்வதற்கு ஏற்ற பருவம். 1980களின் நடுவிலிருந்து 1990களின் இறுதி வரை, என் பள்ளி நாட்களில் தொடங்கித் திருமணத்திற்குப் பிந்தைய சில ஆண்டுகள் வரை, எங்கள் வீட்டில் சேர்ந்த ஒலிகள் அனைத்தும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

விலைக்கு வாங்கிய திரைப்பாடல், கச்சேரிக் கேசட்டுகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். எக்கோ, எச்.எம்.வி., சங்கீதா என்று எந்த நிறுவனம் வெளியிட்டதாக இருந்தாலும் அதே பதிவு இன்று பெரும்பாலும் வேறு வடிவில், இதைவிடத் தெளிவாகவே கிடைக்கிறது. அடுத்து, ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கி வந்தவை. அந்தப் பாடல்களும் தனித்தனியாகக் கிடைக்கும் என்றாலும், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்ற வரிசையும், பக்கம் முடியும் இடத்தில் சரணத்தின் நடுவே அறுந்து போகும் கடைசிப் பாட்டும் அந்தக் கேசட்டுக்கு மட்டுமே உரியவை. இன்றும் அந்தப் பாடல்களில் ஒன்று எங்காவது ஒலித்தால், அது முடிந்ததும் பட்டியலில் அடுத்திருந்த பாட்டின் முதல் வரியை என் மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே அவற்றையும் மாற்றத் தீர்மானித்தேன், ஆனால் இரண்டாவதாக. எல்லாவற்றுக்கும் முன் மாற்ற வேண்டியவை உலகில் வேறு பிரதியே இல்லாதவை: வெள்ளிக்கிழமை மாலைகளில் பெரியம்மா ஆர்மோனியம் வாசித்துப் பாடிய பஜனைகள், 1991 கோடை விடுமுறையில் நீலகிரி மலை ரயிலில் பதிவு செய்த ஒரு பக்கம், உறவினர்கள் கூடிய நாட்களின் பேச்சொலிகள்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விதியை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டேன். எந்த நாடாவும் இனிமேல் ஓடப்போகும் முதல் ஓட்டமே பதிவு ஓட்டமாக இருக்க வேண்டும். 'என்ன இருக்கிறது என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்ற எண்ணத்திற்கு இந்த வேலையில் இடமில்லை, ஏனெனில் முப்பது ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடா அந்த ஒரு தடவையிலேயே சிக்கிக் கசங்கிப் போகலாம். நாடாவின் மேல் உள்ள காந்தப் பதிவு எளிதில் அழிவதில்லை. அழிபவையெல்லாம் அதைச் சுற்றி இருப்பவை: கம்பளித் துண்டை ஒட்டிய பசை, நாடாவின் முனையை முன்வாலோடு (தொடக்கத்திலும் முடிவிலும் வரும் பதிவில்லாத வெறும் துண்டோடு) இணைத்த ஒட்டு, கேசட்டை ஓட்டும் டெக்கின் ரப்பர் பெல்ட், ரப்பர் உருளை. அவற்றைச் சீர் செய்யாமல் நாடாவை ஓடவிடுவது, பதிவு நல்ல நிலையில் இருக்கும்போதே அதை நாமே கெடுப்பதாகும்.

டெக்கிலிருந்து தொடங்கினேன். 1980களின் இறுதியில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ டெக் அது. யூஎஸ்பி வசதியோடு மலிவு விலையில் விற்கும் சிறு பிளேயர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் சுழற்சியைச் சீராக வைக்கும் ஃப்ளைவீல் என்ற சக்கரம் சிறியதும் இலேசானதுமாக இருப்பதால் நாடாவின் வேகம் சீராக நிற்பதில்லை, நீண்ட சுரங்கள் நடுங்குகின்றன. நல்ல டெக்கில் கேப்ஸ்டன் என்ற மெல்லிய எஃகுத் தண்டின் அடியில் கனமான ஃப்ளைவீல் இருக்கும். அந்தத் தண்டுக்கும் ரப்பர் உருளைக்கும் இடையே நாடா அழுத்தப்பட்டு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் இழுக்கப்படும். லூ ஓட்டன்ஸ் தலைமையிலான பிலிப்ஸ் குழு உருவாக்கிய கேசட் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானபோது இருந்த வேகமும் அதுவே, 3.81 மில்லிமீட்டர் நாடா அகலமும் மாறவில்லை. அதனால்தான் சிங்கப்பூர் டெக்கில் கோவைக் கேசட்டைத் தயக்கமின்றிப் போட முடிகிறது.

மேல்மூடியைக் கழற்றியதும் பெல்ட்டுகள் இரண்டும் தார்போல் உருகி மோட்டாரின் கப்பியிலும் ஃப்ளைவீலின் விளிம்பிலும் அப்பிக்கிடப்பது தெரிந்தது. அந்தக் காலத்து ரப்பர் பெல்ட்டுகளுக்கு இது இயல்பான முடிவு. இந்தக் கருப்புப் பிசினை விரலால் தொடக்கூடாது; தொட்ட இடமெல்லாம் ஒட்டும், பல நாட்கள் போகாது. கையுறை போட்டுக்கொண்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சிகளால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுத்தேன். கப்பியின் பள்ளத்தில் ஒரு கடுகளவு மிச்சம் இருந்தாலும் புதிய பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் தூக்கிப் போடும். அது பாட்டில் ஒரு தள்ளாட்டமாகக் கேட்கும். ஆகவே இந்தப் பகுதியில் அவசரப்படாமல், பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தேன்.

பழைய பெல்ட் உருகிவிட்டால் அதன் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலரும் கேட்கிறார்கள். பருத்தி நூலைப் பெல்ட் ஓடும் பாதையிலேயே கப்பிகளைச் சுற்றி இழுத்துப் பிடித்து, நூலின் நீளத்தை அளந்து, அதிலிருந்து நூற்றுக்கு ஐந்து பங்கு கழித்தால் வாங்க வேண்டிய பெல்ட்டின் சுற்றளவு கிடைக்கும். ஃப்ளைவீலுக்குத் தட்டைப் பெல்ட், சுருள் சுற்றும் பகுதிக்குச் சதுர வெட்டுப் பெல்ட். சென்னைக்குப் போயிருந்தபோது ரிச்சி தெருவில் இந்த அளவுகளைச் சொல்லி, ஒரு சுற்று முன்பின்னாக நான்கைந்து அளவுகளில் வாங்கிக்கொண்டேன். விலை மிகக் குறைவு. ஓர் அளவு மட்டும் வாங்கி வந்து பொருந்தாமல் போவதைவிட இது நல்லது. கேப்ஸ்டன் உட்காரும் துளையில் தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, வழிந்ததைத் துடைத்தேன். ரப்பர் உருளையின் மேல் பளபளப்பான ஒரு தோல் படிந்திருந்தது. ஆல்கஹால் ரப்பரை நாளடைவில் உலர்த்திவிடும் என்பதால் அதை மிதமான சோப்பு நீரில் கழுவி, மிக நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, மங்கலான கருமை வரும்வரை கொண்டுவந்தேன்.

வேகத்தைச் சரிபார்க்க 3,000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை நாடா ஒன்று வேண்டும். உக்கடம் பக்கம் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் அது இருந்தது. அதை ஓடவிட்டு, கைப்பேசிச் செயலியில் 3,000 என்று நிற்கும்வரை மோட்டாரின் பின்புறத் துளை வழியாகச் சிறு திருகைத் திருப்பினேன். நாடாவைக் கொடுக்கும்போது அந்தப் பெரியவர் சொன்னார்: "ஏனுங்கம்மா, ஸ்பீடு மிஷினோட சங்கதி, ஒருக்கா வெச்சாப் போதுமுங்க. ஹெட் அலைன்மென்ட் அப்படி இல்லீங்க. ஒவ்வொரு கேசட்டுக்கும் காதை வெச்சுக் கேட்டுத்தான் திருப்போணும்." இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவுரை இது. அவரை ஐயா என்றே அழைப்பது வழக்கம். வேலை முடியும்வரை ஐயம் வரும்போதெல்லாம் அவரிடமே போய் நின்றேன்.

டெக் தயாரானதும் நாடாக்களுக்கு வந்தேன். கேசட்டின் நடுவாயில் மெல்லிய செப்புத் தகட்டின் மேல் ஒட்டிய சிறு கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு நாடாவை அணைத்துப் பிடிப்பது அதன் வேலை. பாதிக்கும் மேற்பட்ட கேசட்டுகளில் அதன் பசை காய்ந்து, துண்டு கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. அது இல்லாமல் ஓட்டினால் ஒலி எழுந்து எழுந்து அடங்கும், உச்ச ஒலிகள் மங்கிப்போகும். பதிவே கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி எறிந்த கேசட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு துண்டுதான் குறையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஐந்து திருகுகள் கொண்ட கேசட்டாக இருந்தால் திறப்பது எளிது. திருகு இல்லாமல் ஒட்டப்பட்டதாக இருந்தால் விளிம்பின் கோட்டில் பிளேடை வைத்து மெல்லக் கீறிப் பிளந்து, சுருள்கள் இரண்டையும் திருகு உள்ள வேறொரு கேசட்டின் ஓட்டுக்கு (பிளாஸ்டிக் கூட்டுக்கு) மாற்ற வேண்டும். விலைக்கு வாங்கியவை என்று ஒதுக்கி வைத்த கேசட்டுகளில் பழுதடைந்தவை இங்கே ஓடு கொடுத்து உதவின.

திறந்த ஓட்டுக்குள் நாடாச் சுருள்களின் மேலும் கீழும் வழவழப்பான மெல்லிய தாள்கள் இருக்கும். மூலைகளில் சிறு உருளைகளும் அவற்றின் எஃகு ஊசிகளும் இருக்கும். கம்பளித் துண்டுக்குப் பின்னே வெளிக் காந்தப்புலத்தைத் தடுக்கும் தகடு ஒன்று நிற்கும். எதுவும் இடம் மாறாமல் எடுத்து வைக்க, ஓட்டைப் பிரிப்பதற்கு முன் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்வது போதும். முன்வாலிலிருந்து நாடா கழன்றிருந்த இடங்களில் அதற்கென்று விற்கும் ஒட்டுநாடாவையே பயன்படுத்தினேன். சாதாரண செல்லோடேப்பின் பசை வெயிலில் கசிந்து அடுத்த சுற்றையும் சேர்த்து ஒட்டிவிடும். 60 நிமிடக் கேசட்டுகளைப் பொறுத்தவரை இந்த வேலைகள் எல்லாமே இலகுவாக நடந்தன. 90 நிமிடக் கேசட்டில் நாடா ஏறத்தாழ 12 மைக்ரான் தடிமன்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூச்சுப் பட்டாலே சுருண்டுகொள்ளும். அவற்றை மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தொட்டேன்.

இனி அலைன்மென்ட். ஹெட்டின் பக்கத்தில் சிறு சுருள்வில்லின் மேல் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் ஹெட் மிகச் சிறிய அளவில் சாயும். ஒலி நாடாவில் எழுதப்பட்ட கோடுகளும் ஹெட்டின் இடைவெளியும் ஒரே நேராக இருந்தால்தான் உச்ச ஒலிகள் முழுமையாகக் கேட்கும். எவ்வளவு நுட்பமான சங்கதி என்பதற்கு ஒரு கணக்கு: 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை நாடாவின் மேல் 4.76 மைக்ரான் இடத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு ஸ்டீரியோத் தடத்தின் அகலம் 0.6 மில்லிமீட்டர். அந்த அகலத்தின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று மைக்ரான் சாய்வு வந்தாலே ஜால்ராவின் ஒலி பஞ்சில் சுற்றியதுபோல் ஆகிவிடும். ரெக்கார்டிங் சென்டர்களில் நாள் முழுக்க ஓடித் தேய்ந்த டெக்குகளில் பதிந்த கேசட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் இருந்தன. இங்கே 'சரியான' அளவு என்று தொழிற்சாலை வைத்த அளவைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. எழுதியவர் எந்தச் சாய்வில் எழுதினாரோ அந்தச் சாய்வில்தான் படிக்க வேண்டும்.

செய்யும் முறை இது. இரண்டு தடங்களையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாகக் கேட்டுக்கொண்டே திருகை ஒரு பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும். நேர்கோடு நெருங்க நெருங்க மூச்சொலிகளும், 'ச', 'ஸ' ஒலிகளும், நாடாவின் இரைச்சலும் கூடக் கூர்மையாகும், தாண்டியதும் மங்கும். மிகக் கூர்மையான இடத்தில் நிறுத்தி, மறுபடி ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பதிவைத் தொடங்க வேண்டும். மோனோவில் கேட்பதற்குக் காரணம், இரு தடங்களுக்கும் இடையே சிறிய கால வேறுபாடு இருந்தாலும் சேர்க்கும்போது உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான். முதல் ஓட்டமே பதிவு ஓட்டம் என்ற விதியை மீறாமல் இருக்க, இந்தத் தேடலின்போதும் கணினி பதிந்துகொண்டே இருந்தது. தேடல் முடிந்த பின் அந்தச் சிறு பகுதியை மட்டும் கையால் பின்சுற்றி மீண்டும் எடுத்தேன். பின்சுற்றுவதற்கு அறுகோணப் பென்சிலே போதும். மோட்டாரின் வேகப் பின்சுற்றைப் பழைய நாடாக்களுக்கு நான் பயன்படுத்தவில்லை.

இணைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து சிறு ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக மடிக்கணினிக்கு. மைக் துளையில் நேரடியாகச் செருகக்கூடாது. பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிக உரத்த இடம் மைனஸ் ஆறு டெசிபலைத் தொடாதபடி அளவு. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி. சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் மடிக்கணினியை ஓட்டினால் புதிய ரீங்காரம் சேராது. இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்தே வைத்தேன். டால்பியோடு பதியாத நாடாவுக்கு அதைப் போட்டால் இரைச்சல் குறைந்தது போலத் தோன்றும்; அதோடு பாடலின் ஒளியும் போய்விடும்.

பெரியம்மாவின் பஜனைக் கேசட் ஓடத் தொடங்கியதும் பாட்டு மேலே ஏறி நிற்பது தெரிந்தது. குரல் அவருடையதைவிட இளமையாக, சற்று அவசரமாக ஒலித்தது. டெக்கின் வேகம் சரியாக இருக்கும்போது இப்படிக் கேட்டால், பதிந்த இயந்திரம் அன்று மெதுவாக ஓடியிருக்கிறது என்று பொருள். இதைத் திருத்தப் பொதுவாகச் சொல்லப்படும் வழி, பதிவில் கலந்திருக்கும் மின்சார ரீங்காரத்தை அளப்பது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ரீங்காரத்தை 50-க்குக் கொண்டுவந்தால் போதும் என்பார்கள். அளந்தேன், 50.6 என்று வந்தது. அதை நம்பினால் வேகப் பிழை நூற்றுக்கு ஒன்றேகால் பங்குகூட இல்லை. ஆனால் தென்னக மின்தொகுப்பில் அந்தக் காலத்துப் பற்றாக்குறை மாலைகளில் அதிர்வெண் 49-க்கும் கீழே இறங்குவது வழக்கம். 2003-இல் அதிர்வெண்ணோடு இணைந்த கட்டண முறை தென்மண்டலத்துக்கு வந்த பிறகே அது சீரடைந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் வீட்டுக் கேசட்டுகளில் பிழை விழும்.

பெரியம்மா வாசித்த அதே ஆர்மோனியம் அண்ணன் வீட்டில் இன்றும் இருக்கிறது. ரீடுகளில் தூசி படிந்தால் சுருதி இறங்கும் என்பதால் முதலில் மென்மையான தூரிகையால் அவற்றைச் சுத்தம் செய்து, அவர் சட்ஜமாக வைத்துக்கொள்ளும் கட்டையை அழுத்தி அளந்தேன்: 262 ஹெர்ட்ஸ். கேசட்டில் அதே கட்டை 273 என்று ஒலித்தது. மேலும் மூன்று கட்டைகளை ஒப்பிட்டபோதும் அதே விகிதம்தான் வந்தது. ஆகவே பிழை நூற்றுக்கு நான்குக்கும் சற்று மேல், ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. அந்த விகிதத்தில் வேகத்தைக் குறைத்ததும் அரை மணி நேரப் பக்கம் ஒன்றேகால் நிமிடம் நீண்டது, ரீங்காரம் 48.6-இல் போய் நின்றது. பெரியம்மா தன் வயதுக்குத் திரும்பிவிட்டார். அண்ணி அடுக்களையிலிருந்து வந்து நின்று முழுப் பாட்டையும் கேட்டார்.

அந்தக் கேசட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பாட்டில் இல்லை. ராஜபாளையத்திலிருந்து பெரியப்பா வாங்கிவந்த மணி என்ற வெள்ளை நாய், பஜனை முடியும் நேரம் பார்த்துப் பிரசாதத்துக்காகக் குரைக்கும். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு முடிந்து அமைதியாகும் இடத்தில் மணி ஒரே ஒரு முறை குரைக்கிறது. காதொலிப்பானில் கூர்ந்து கேட்டால், அந்தக் குரைப்புக்கு இரண்டு நொடிக்கு முன்பே அதே குரைப்பு மிக மெல்லியதாக ஒரு முறை கேட்கிறது. சுருளில் நாடா ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஆண்டுக்கணக்கில் கிடப்பதால், உரத்த ஒலி பதிந்த சுற்றின் காந்தம் அடுத்த சுற்றிலும் சிறிதளவு பதிந்துவிடும். சுருளின் சுற்றளவை நாடாவின் வேகத்தால் வகுத்தால், மையத்துக்கு அருகே ஒன்றரை நொடியும் வெளி விளிம்பில் மூன்று நொடிக்கு மேலும் வரும். மணியின் முன்னொலி அந்தக் கணக்குக்குள் கச்சிதமாக அமைகிறது. இதை நீக்கித் தரும் கருவிகள் உண்டு என்றார்கள். நான் நீக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்த நாடா சுருண்டு கிடந்ததன் அடையாளம் அது, அந்தப் பதிவின் வரலாற்றில் அதற்கும் இடம் உண்டு.

மலை ரயில் கேசட்டுக்கு இந்த வழிகள் எதுவும் உதவவில்லை. மின்கலத்தில் ஓடிய சிறு ரெக்கார்டரில் பதிந்தது என்பதால் ரீங்காரமே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சுருதி வாத்தியமும் இல்லை. காதுக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஊகத்தில் திருத்த நான் விரும்பவில்லை, இருந்த வேகத்திலேயே விட்டுவிட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் செல்லும் அந்தப் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்து வரும். தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் பிடித்துக்கொண்டு ஏறும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் நாங்கள் கடைசிப் பெட்டியில் அதற்கு மிக அருகே உட்கார்ந்திருந்தோம். சாதாரணச் சக்கரங்களை ஓட்டும் நீராவி சிலிண்டர்களும் பல்சக்கரத்தை ஓட்டும் சிலிண்டர்களும் அந்த எஞ்சினில் தனித்தனி என்பதால், இரு இயக்கங்களின் தாளம் சிறிது நேரம் ஒன்றாக விழுந்து, பிறகு விலகி, மறுபடி சேர்கிறது. அலைன்மென்ட் சரியான இடத்துக்கு வந்த கணத்தில்தான் இந்த இரட்டைத் தாளம் பிரிந்து கேட்டது. அதற்கு முன் ஒரே புகைந்த இரைச்சலாக இருந்தது. ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் சத்தமும், "கைய உள்ள வெச்சுக்கோ கண்ணு" என்ற அம்மாவின் குரலும் அடுத்தடுத்து வருகின்றன.

இந்தப் பதிவின் ஒரு நகலில் இரைச்சல் நீக்கும் கருவியைச் சோதித்துப் பார்த்தேன். அந்தக் கருவி நாடாவின் இரைச்சலை மாதிரியாக எடுத்துக்கொண்டு அதைப் போன்ற ஒலி எங்கிருந்தாலும் கழிக்கிறது. நீராவி சீறும் ஒலியும் நாடாவின் இரைச்சலும் இயல்பில் ஒன்றே, இரண்டிலும் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். கருவி நாடாவின் இரைச்சலோடு நீராவியையும் எடுத்துவிட்டது. மலையேறும் எஞ்சின் ஏதோ தொழிற்சாலை இயந்திரமாகிவிட்டது. பழைய பதிவுகளை வைத்திருப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: முதல் கோப்பில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். வேகத் திருத்தம் உட்பட அனைத்தையும் நகலில் செய்யுங்கள். இரைச்சலை நாளை இதைவிட நல்ல கருவி பிரித்தெடுக்கலாம். இன்று கழித்துவிட்டதை எந்தக் கருவியும் திருப்பித் தராது.

மாற்றிய கோப்புகளை மேசையில் உட்கார்ந்து சரிபார்ப்பதைவிடக் காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஓடும்போது சரிபார்ப்பது எனக்கு நன்றாக ஒத்துவந்தது. அந்தச் சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். என் நிதானமான ஓட்டத்தில் இரண்டு சுற்று முடியும்போது கேசட்டின் ஒரு பக்கமும் முடிந்திருக்கும். காலடி சீராக விழும்போது பாட்டின் தாளம் எங்காவது இழுத்தால் அது உடலுக்கே தெரிந்துவிடுகிறது. ரெக்கார்டிங் சென்டர் கேசட் ஒன்றில் பெல்ட் நழுவியதால் வந்த ஒரு மெல்லிய தள்ளாட்டம், மேசையில் காதுக்குப் பிடிபடாமல், ஓடும்போதுதான் பிடிபட்டது. நின்று, நேரத்தைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பெல்ட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றியபின் அந்தப் பக்கத்தை மீண்டும் எடுத்தேன். கல்லூரி நாட்களில் இடுப்பில் வாக்மேனை மாட்டிக்கொண்டு ஓடியபோது ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாட்டு நடுங்கும். இப்போது நடுங்கினால் அந்த நடுக்கம் நாடாவினுடையது அல்லது டெக்கினுடையது என்று உறுதியாகச் சொல்லலாம்.

சேமிப்புக்கு, 60 நிமிடக் கேசட் ஒன்று மேற்சொன்ன அளவில் ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் எடுத்துக்கொள்கிறது. ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவில் சுருக்கினால் தரம் சிறிதும் குறையாமல் அதில் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒரு பிரதி என் வட்டில், ஒன்று அண்ணன் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். கோப்பின் பெயரிலேயே கேசட்டின் அட்டையில் யார் கையெழுத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சேர்த்திருக்கிறேன். அட்டைகளைப் படமும் எடுத்து வைத்தாயிற்று. மூலக் கேசட்டுகளை எறியவில்லை. சுருளை ஒரு பக்கம் முழுதாகச் சுற்றி, ஒலிபெருக்கிகளிலிருந்து தள்ளி, மர அலமாரியில் நிற்கவைத்திருக்கிறேன்.

நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்த சில கேசட்டுகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அவற்றை இந்த டெக்கில் போட முடியாது. பூஞ்சைத் துகள் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்து ஓடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவிவிடும். அவை இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தனிப்பையில் இறுகக் கட்டப்பட்டு உலர்ந்துகொண்டிருக்கின்றன. உக்கடத்து ஐயா தன்னிடம் கிடந்த பழைய டெக் ஒன்றை அவற்றுக்கென்றே கொடுத்திருக்கிறார். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் வைத்து, நாடாவின் இரு பக்கமும் உலர்ந்த மென்துணி படும்படி அதைக் கையாலேயே மெல்லச் சுற்றித் துடைத்து, புதிய ஓடுகளுக்கு மாற்றிய பின்னரே அந்த டெக்கில் ஓட்ட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்கான பெல்ட் அளவுகளை நேற்றுத்தான் நூல் வைத்து எடுத்தேன்.